மண் சட்டியில் உண்ட மந்திரி

சென்னையிலிருந்து திருச்சி செல்லும் பெருஞ்சாலையில், பெரம்பலூரை நெருங்கும்போது வாலிகண்டபுரம் என்னும் ஊர் வருகிறது. பழைய சிவன் கோயிலும் பள்ளிவாசலும் உள்ள ஊர். பக்கத்திலேயே ரஞ்சன்குடிக் கோட்டை. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இவ்வூர் ஓர் ஆட்சித் தலைமையிடமாக இருந்தது என்றால் இன்று நம்புவோர் குறைவு. பீஜப்பூர் சுல்தானின் ஆளுநராக ஷேர்கான் லோதி என்பவர் இங்கிருந்து கொண்டுதான் கடற்கரை வரை அதிகாரம் செலுத்தினார். 1673-இல் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் காலூன்றியது அவர் தந்த அனுமதியால்தான். 1677-இல் சிவாஜியின் படையிடம் அவர் தோற்றதோடு அந்த ஆட்சி மறைந்தது.

பீஜப்பூர் எங்கே, வாலிகண்டபுரம் எங்கே என்று வாசகர்கள் கேட்கலாம். அந்த பீஜப்பூர் அரசை நிறுவியவர் யூசுஃப் ஆதில்கான். அந்த யூசுஃபை ஆதரித்து, அரசாங்கத்தில் உயர்த்தி ஆளாக்கியவர் ஒரு மந்திரி. காஜா மஹ்மூத் கவான் என்பது அவர் பெயர். தென்னாட்டு முஸ்லிம்களின் வரலாற்றில் இத்துணைப் பெரிய மனிதர் மிகச் சிலரே. ஆயினும் நம் வீடுகளில் அவர் பெயரை அறிந்தோர் எத்தனை பேர்?

நம் பள்ளிவாசல்களில் இப்பொழுது சுவர் முழுக்க டைல்ஸ் ஒட்டுகிறோம். இது வேண்டுமா, வேண்டாமா, வீண் விரயமா என்று ஜமாஅத் கூட்டங்களில் வாக்குவாதமும் நடக்கிறது. ஒரு மதரஸாவின் முகப்பு முழுவதையும் பாரசீக வண்ண ஓடுகளால் போர்த்தி, அதைக் கட்டிய தாம் மட்டும் மண் சட்டியில் உண்டு, பாயில் படுத்து வாழ்ந்த இந்த மந்திரியின் கதையை இம்மாதம் சொல்வோம்.

ஜீலானில் பிறந்த வணிகர்

காஸ்பியன் கடலின் தென்கரையில் உள்ளது ஜீலான் நாடு. கௌதுல் அஃலம் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்கள் பிறந்த அதே மண்தான். அங்கே 1411-இல், அரசாங்கப் பதவிகளில் இருந்த ஒரு குடும்பத்தில் மஹ்மூத் பிறந்தார். அரண்மனைச் சூழ்ச்சிகள் முற்றவே, பிறந்த நாட்டில் இருந்தால் உயிருக்கே ஆபத்து என்றாயிற்று. பதவி வேண்டாம், வியாபாரம் போதும் என்று வெளியேறினார். பின்னாளில் அவருக்கு நேர்ந்ததை எண்ணிப் பார்க்கும்போது, எதிலிருந்து தப்பி ஓடினாரோ அதுவே கடல் கடந்தும் அவரைத் தேடி வந்தது என்று தோன்றுகிறது.

வணிகத்தின் பேரால் ஊர் ஊராகச் சென்றவர், போன இடமெல்லாம் ஆலிம்களைத் தேடிப் போனார். கெய்ரோவில் ஹதீஸ் கலை மேதை இப்னு ஹஜர் அஸ்கலானி (ரஹ்) அவர்களைச் சந்தித்துப் பயன் பெற்றார். 1453-இல், நாற்பத்திரண்டாம் வயதில், மேற்குக் கரையிலுள்ள தாபோல் துறைமுகத்தில் வந்து இறங்கினார். கொண்டு வந்த சரக்கில் பட்டும் முத்தும் அரபிக் குதிரைகளும் இருந்தன. பீதர் நகரிலிருந்த ஷாஹ் முஹிப்புல்லாஹ் என்னும் இறைநேசரைத் தரிசித்துவிட்டு, அப்படியே டில்லிக்குப் போய்விடுவது என்பதே அவருடைய திட்டம்.

பீதர் அப்பொழுது பாமினி சுல்தான்களின் தலைநகரம். இரண்டாம் அலாவுத்தீன் அஹ்மத் ஷாஹ் இந்த வணிகரைக் கண்டார். பேச்சையும் கல்வியையும் பார்த்து, டில்லிக்கு விட மனமில்லாமல் தம்மிடமே நிறுத்திக் கொண்டார். அடுத்த சுல்தான் ஹுமாயூன், வணிகர்களின் தலைவர் எனப் பொருள்படும் மலிக்குத் துஜ்ஜார் என்ற பட்டத்தை வழங்கினார். ஹுமாயூன் 1461-இல் இறந்தபோது அவர் மகனுக்கு வயது எட்டு. அரசியும், காஜா ஜஹான் துருக்கி என்னும் மந்திரியும், மஹ்மூத் கவானும் சேர்ந்து நாட்டைக் காத்தனர். மாளவத்துச் சுல்தான் படையெடுத்து வந்து பீதர் வரை புகுந்துவிட்ட வேளையில், குஜராத் சுல்தானிடம் உதவி பெற்று அவனைத் திருப்பியடித்தவர் நம் காஜாதான். அந்தச் சிறுவன் 1463-இல் இறந்துவிட, அவன் தம்பி மூன்றாம் முஹம்மத் பட்டத்துக்கு வந்தான். அவனும் பத்து வயதுப் பிள்ளையே. 1466-இல் தலைமை வஸீர் பொறுப்பு மஹ்மூத் கவானிடம் வந்து சேர்ந்தது.

கோவாவிலிருந்து திரும்பிய இரவு

அவர் செய்த சீர்திருத்தங்களில் ஒன்றிரண்டை மட்டும் சொல்லி அப்பால் போவோம். நாடு நான்கு மாகாணங்களாக இருந்தது. ஒவ்வோர் ஆளுநரும் குட்டி அரசர். கவான் அதை எட்டாகப் பிரித்தார். ஓர் ஆளுநரின் கையில் ஒரே ஒரு கோட்டைதான் இருக்கலாம். மற்றவை நேரே சுல்தானின் பொறுப்பு. நிலங்களை அளந்து வரி விதித்தார். தக்காணத்தில் பிறந்த பிரபுக்கள் ஒரு கட்சி, பாரசீகம், துருக்கி முதலிய இடங்களிலிருந்து வந்தவர்கள் எதிர்க்கட்சி என்று தர்பாரே பிளந்து கிடந்தது. தாம் வெளிநாட்டாராயிருந்தும் இரு சாராருக்கும் பதவிகளைச் சமமாகப் பகிர்ந்து கொடுத்தார். இத்தனைக்கும் பிறகு அவருக்கு நண்பர்கள் பெருகினர் என்றா நினைக்கிறீர்கள்? கோட்டைகளை இழந்த ஒவ்வொருவரும் உள்ளுக்குள் பகைவரானார்.

அப்பொழுது பீதருக்கு வந்த அதனாசியுஸ் நிகித்தின் என்ற ரஷ்ய வணிகர், மலிக்குத் துஜ்ஜாரின் வீட்டில் நாள்தோறும் 500 பேர் பந்தியில் உட்காருவதையும், லாயத்தில் 2,000 குதிரைகள் நிற்பதையும் வியந்து எழுதியிருக்கிறார். இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

மேற்குக் கடலில் கொள்ளைக் கப்பல்களின் தொல்லை மிகுந்திருந்தது. வணிகர்களுக்கும் ஹஜ்ஜுப் பயணிகளுக்கும் நிம்மதி இல்லை. கவான் கொங்கணத்தின் மீது படை நடத்தி, மலைக்கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, 1472 பிப்ரவரியில் கோவாவைக் கைப்பற்றினார். அக்காலத்து அரசர்களின் போர்களை எல்லாம் புகழ்ந்து பாட நாம் இங்கு வரவில்லை. நாம் சொல்ல வருவது அவர் வெற்றியோடு திரும்பி வந்த பிறகு நடந்ததை.

இளம் சுல்தான் காஜாவின் வீட்டுக்கே வந்து ஒரு வாரம் விருந்தாளியாகத் தங்கினார். தாம் அணிந்த உடையையே எடுத்துப் போர்த்தினார். அரசமாதா அவரைச் சகோதரர் என்று அழைத்தார். ஒரு குடிமகனுக்கு இதைவிடப் பெரிய கண்ணியம் ஏது? சுல்தான் விடைபெற்றுச் சென்றதும் காஜா தம் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக் கொண்டார். அந்தப் பட்டாடைகளைக் களைந்து போட்டு, தரையில் விழுந்து அழுதார். பிறகு நகரத்து ஆலிம்களையும் ஸாலிஹீன்களையும் வரவழைத்து, வியாபாரத்திலும் பதவியிலும் சேர்ந்த தம் பொருள் முழுவதையும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டார். மூன்றை மட்டும் வைத்துக் கொண்டார்: யானைகள், குதிரைகள், நூல்கள்.

இவற்றை மட்டும் ஏன் நிறுத்தினீர்கள் என்று ஓர் ஆலிம் கேட்டார். சுல்தான் வீடு தேடி வந்ததும், அரசமாதா சகோதரர் என்றதும் தம் நஃப்ஸை உப்பச் செய்துவிட்டன, உள்ளத்தில் பெருமை தலைதூக்குவதைக் கண்டுகொண்டேன், அதற்குத் தீனியாக இருந்ததை எல்லாம் அப்புறப்படுத்தினேன் என்று காஜா விளக்கம் சொன்னார். யானையும் குதிரையும் சுல்தானுடையவை, நூல்கள் மாணவர்களுடையவை, எனவே அவை கொடுப்பதற்குத் தமக்குச் சொந்தமல்ல என்பது அவருடைய கணக்கு. அன்று முதல் எளிய உடை. சமையல் மண் சட்டியில். படுக்கை பாய். வெள்ளிக்கிழமை இரவுகளில் அடையாளம் தெரியாத உடையில் தெருத்தெருவாய்ச் சென்று ஏழைகளுக்குப் பணம் கொடுப்பார். யார் கொடுத்தது என்று கேட்டால் சுல்தான் கொடுத்தனுப்பியது என்பார். இவற்றை எல்லாம் எழுதி வைத்தவர் ஃபிரிஷ்தா என்னும் வரலாற்றாசிரியர். அவர் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து, அதே பீஜப்பூர் தர்பாரில் இருந்து எழுதியவர். தங்கள் அரசை நிறுவியவரின் ஆதரவாளரைப் பற்றிப் பெருமையாகத்தானே எழுதுவார் என்று யாரேனும் ஐயுறலாம். ஐயுறட்டும், கட்டடம் கண்முன் நிற்கிறதே!

காஷான் ஓடுகளும் பீதர் மதரஸாவும்

ஆம், அதே 1472-இல் முடிந்ததுதான் பீதர் மதரஸா. அதன் ஆண்டைக் குறிக்க ஓர் அழகான வழி கண்டார்கள். கஅபாவின் சுவர்களை எழுப்பும்போது இப்ராஹீம் நபி (அலை) அவர்களும் இஸ்மாயீல் நபி (அலை) அவர்களும் கேட்ட துஆவை நாம் தொழுகைக்குப் பின் ஓதுகிறோம் அல்லவா? அதன் முதல் மூன்று சொற்களுக்கு அப்ஜத் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதற்சொல் 253, அடுத்தது 532, மூன்றாவது 91, ஆக 876. மதரஸா முடிந்த ஹிஜ்ரி ஆண்டு அதுவே. செய்ததை ஏற்றுக்கொள் என்று வேண்டும் துஆவே கட்டடத்தின் ஆண்டாக அமைந்துவிட்டது. மாஷா அல்லாஹ்!

கிழக்கு மேற்காக 205 அடி, தெற்கு வடக்காக 180 அடி, மூன்று அடுக்கு, நடுவில் திறந்த முற்றம். மாணவர்கள் தங்க 36 அறைகள், ஆசிரியர்களுக்கு ஆறு வீடுகள், தொழ ஒரு பள்ளி, 3,000 நூல்கள் கொண்ட நூலகம். முன்புறத்து இரு மூலைகளிலும் நூறு அடிக்கு மேல் உயர்ந்த இரண்டு மினாராக்கள். மாணவர்களுக்கு உணவும் இருப்பிடமும் இலவசம். பாடம் சொல்ல உலகின் பல பாகங்களிலிருந்தும் ஆலிம்களை அழைத்தார். ஹிராத்தில் இருந்த மௌலானா ஜாமி (ரஹ்) அவர்களுக்கும் கடிதம் போயிற்று. அவர்கள் வரவில்லை; ஆனால் கடிதத் தொடர்பு விடவில்லை. கவானின் கடிதங்கள் ரியாளுல் இன்ஷா என்ற பெயரில் தொகுக்கப்பட்டுள்ளன. கான்ஸ்டாண்டிநோபிளை வென்ற உதுமானிய சுல்தான் முஹம்மத் ஃபாத்திஹுக்கு எழுதியவையும் அதில் உண்டு.

முகப்பை மூடிய ஓடுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் வீட்டில் பீங்கான் என்கிறோமே, அந்தச் சொல்லே பாரசீகத்திலிருந்து வந்ததுதான். சில ஊர்களில் நோயாளிக்குப் பீங்கான் எழுதிக் கரைத்துக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. அந்தப் பாரசீகத்தில், காஷான் என்ற ஊர் ஓட்டு வேலைக்குப் பேர் போனது. எவ்வளவு பேர் என்றால், வண்ண ஓட்டுக்கே காஷி என்ற பெயர் நிலைத்துவிட்டது. அவ்வூரில் அபூ தாஹிர் என்பவரின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இத்தொழிலில் இருந்தது. அக்குடும்பத்தைச் சேர்ந்த அபுல் காஸிம் என்பவர் ஹிஜ்ரி 700-இல் தொழில் இரகசியத்தை எழுதியே வைத்துவிட்டார். வெள்ளைக் கல்லை மாவாக அரைத்து அதில் பத்துப் பங்கு, வெள்ளைக் களிமண் ஒரு பங்கு, உருக்கிப் பொடித்த கண்ணாடி ஒரு பங்கு. இதைப் பிசைந்து அச்சிட்டுச் சுட்டால் கல் போல் உறுதியான, வெண்மையான ஓடு கிடைக்கும். மேலே பூசும் கண்ணாடி மெருகில் செம்பைக் கலந்தால் மயிற்கழுத்து நிறம். காஷானுக்கு அருகில் கம்ஸர் என்னுமிடத்தில் கிடைத்த கோபால்ட் என்ற தாதுவைக் கலந்தால் ஆழ்ந்த நீலம். வெள்ளீயத்தைக் கலந்தால் பால் வெள்ளை.

ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வோர் அளவு சூடு வேண்டும். ஒரே ஓட்டில் பல நிறங்களைத் தீட்டிச் சுட்டால் ஒன்று பதமாகும்போது மற்றொன்று கருகும், அல்லது வழிந்து கலந்துவிடும். இதற்கு அவர்கள் கண்ட வழி வியப்பானது. நிறத்துக்கு ஒன்றாகத் தனித்தனித் தகடுகளைச் சுட்டார்கள். பிறகு உளியால் இலை, பூ, எழுத்து வடிவில் துண்டு துண்டாகச் செதுக்கினார்கள். கோலத்தின் மேல் துண்டுகளைக் குப்புறப் பரப்பி, முதுகுப்புறம் சாந்து ஊற்றி இறுகச் செய்து, அப்படியே தூக்கிச் சுவரில் பதித்தார்கள். ஓர் அலிஃபுக்கு ஒரு துண்டு, ஒரு புள்ளிக்கு ஒரு துண்டு. ஒரு முழ நீள எழுத்துக்கு எத்தனை நாள் ஆகியிருக்கும்! இதே வேலையை இஸ்பஹானிலும், குராஸானில் 1440-களில் கட்டிய கர்கிர்து மதரஸாவிலும் காணலாம். கடல் தாண்டித் தக்காணத்துக்கு அதைக் கொண்டு வந்து, இவ்வளவு பெரிய முகப்பில் விரித்தவர்களில் கவானுக்கு நிகர் இல்லை.

பீதர் மினாராவில் நீலமும் வெள்ளையும் மஞ்சளும் பச்சையுமாக வளைந்து வளைந்து ஏறும் வரிகளைக் கண்டால் கண் எடுக்க முடியாது. முகப்பின் உச்சியில் பட்டையாக ஓடும் எழுத்து ஸூரத்துஸ் ஸுமரின் 73-ஆம் வசனம். இறையச்சமுடையோர் சுவனத்தின்பால் அழைத்து வரப்படுவதையும், வாயில்கள் திறக்கப்படுவதையும், காவலர்கள் ஸலாம் கூறி வரவேற்பதையும் சொல்லும் வசனம் அது. ஓத வரும் ஏழை மாணவனுக்கு வாசலில் இப்படி ஒரு வரவேற்பு! இங்கே நம் கருத்தையும் சொல்லிவிடுகிறோம். இந்த ஓடுகள் பெருமைக்காக ஒட்டியவை என்றால், ஒட்டியவரின் வீட்டுச் சுவரிலும் நான்கு இருந்திருக்கும்.

வெற்றுத் தாளில் ஒரு முத்திரை

1481. சுல்தான் முஹம்மத் ஷாஹ் ஆந்திரக் கரையில் படையோடு இருந்தார். அங்கிருந்து நம் காஞ்சிபுரம் வரை குதிரைப்படையோடு பாய்ந்து வந்து கோயில் செல்வத்தைக் கொள்ளையிட்டுத் திரும்பியதும் அப்பொழுதுதான். காஜா அதில் போகவில்லை, கொண்டப்பள்ளியில் தங்கியிருந்தார். சுல்தானோ குடிப்பழக்கத்தில் மூழ்கியிருந்தார்.

நிஜாமுல் முல்க் மலிக் ஹசன் என்பவர் தலைமையில் பகைவர் கூடினர். தெலுங்கு நாடு முழுவதையும் கையில் வைத்திருந்து, கவானின் பிரிவினையால் பாதியை இழந்தவர் அவர். காஜாவின் முத்திரையைக் காத்து வந்த ஹபஷி அடிமையோடு நட்புக் கொண்டாடி, பரிசுகள் கொடுத்து, குடிக்க வைத்து, போதையில் ஒரு மடித்த வெற்றுத் தாளில் முத்திரையைக் குத்த வைத்துவிட்டார்கள். பிறகு அத்தாளில், ஒரிசா மன்னனைப் படையெடுத்து வரச் சொல்லி, நாட்டைப் பங்கிட்டுக் கொள்ளலாம் என்று காஜா எழுதியதைப் போல் எழுதினார்கள். சுல்தான் மது மயக்கத்தில் இருந்த நேரம் பார்த்துக் கடிதம் நீட்டப்பட்டது. உடனே அழைத்து வர ஆள் போயிற்று.

போக வேண்டாம் என்று நண்பர்கள் தடுத்தனர். குதிரைகள் தயார், குஜராத்துக்குப் போய்விடலாம் என்றனர். தந்தையின் ஊழியத்தில் நரைத்த தாடி மகனின் ஊழியத்தில் சிவக்குமானால் அதுவும் கண்ணியமே என்று சொல்லிவிட்டு அவர் புறப்பட்டார். துரோகம் செய்த ஊழியனுக்கு என்ன தண்டனை என்று சுல்தான் கேட்டார். மரணம் என்றார் காஜா. கடிதம் காட்டப்பட்டது. முத்திரை தம்முடையதே, எழுத்துத் தம்முடையதன்று என்று உறுதி கூறினார். செய்தி வந்தால் விசாரித்துத் தெளிய வேண்டும் என்று ஸூரத்துல் ஹுஜுராத் கற்பிக்கும் ஒழுங்கை அங்கே எண்ணிப் பார்ப்பார் இல்லை. அடிமையை அழைத்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. ஜவ்ஹர் என்ற ஏவலனுக்குக் கட்டளையிட்டுவிட்டு சுல்தான் எழுந்து அந்தப்புரம் போய்விட்டார். காஜா கிப்லாவை நோக்கி மண்டியிட்டு, கலிமாவை மொழிந்தார். வாள் இறங்கியது. ஹிஜ்ரி 886, ஸஃபர் பிறை 5, கி.பி. 1481 ஏப்ரல் 5. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இத்தனை ஆண்டு வஸீராக இருந்தவரின் வீட்டில் மலை போல் பொன் குவிந்திருக்கும் என்று எண்ணி சுல்தான் பொக்கிஷக் கணக்கரை அழைத்தார். கணக்கர் கணக்கேட்டோடு வந்தார். காஜா இரண்டு கணக்குகள் வைத்திருந்தார். ஒன்றின் பெயர் சுல்தானின் பொக்கிஷம். பதவிக்குரிய வருமானம் அதில் சேரும். படை, யானை, குதிரை, அந்த 500 பேர் பந்தி எல்லாம் அதிலிருந்து. மற்றொன்று ஏழைகளின் பொக்கிஷம். அதில் இருந்தது சில நூறு லாரிகளே. (லாரி என்றால் சரக்கு வண்டியன்று, வெள்ளிக் கம்பியை மடித்து முத்திரையிட்ட பாரசீக நாணயம்.) பிறந்த நாட்டிலிருந்து கொண்டு வந்த 40,000 லாரியைக் காஜா தனியே வணிகத்தில் போட்டு வைத்திருந்தார். அந்த இலாபத்திலிருந்து அன்றாடம் ஒரு சிறு தொகைதான் அவருடைய சட்டியில் வெந்தது. மிச்சம் உறவினருக்கும் ஏழைகளுக்கும் போயிற்று. அரசாங்கப் பணத்தில் ஒரு பிடி சோறும் அவர் உண்டதில்லை என்பதைக் கணக்கேடு சொல்லிற்று. முத்திரை பெற்ற வழியும் பின்னர் வெளியாயிற்று. உடலைப் பீதருக்கு அனுப்பி வைத்ததைத் தவிர சுல்தானால் வேறு என்ன செய்ய முடியும்? ஓராண்டு நிறையுமுன், 1482 மார்ச்சில், அவரும் இறந்தார். கவான் தம்மைக் கிழிக்கிறார் என்று அலறிக் கொண்டே உயிர் விட்டார் என்பர்.

அந்தக் கொலைக்குப் பிறகு யூசுஃப் ஆதில்கான் சுல்தானின் பாளையத்தில் சேர மறுத்து விலகி நின்றார். பெரிய தலைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. 1490-இல் பீஜப்பூர், அகமதுநகர், பேரார் என மூன்று அரசுகள். பின்னர் கோல்கொண்டாவும் தனியாயிற்று. எஞ்சிய பீதர் இன்னொரு வம்சத்திடம் போயிற்று. அகமதுநகரை நிறுவியவர், முத்திரைச் சதி செய்த மலிக் ஹசனின் மகன்!

மதரஸாவில் மட்டும் பாடம் இருநூறு ஆண்டு போல் தொடர்ந்தது. ஔரங்கசீப் பீதரைப் பிடித்த பின் அதன் அறைகளில் படைவீரர்கள் தங்கினர், வெடிமருந்தும் வைக்கப்பட்டது. 1696-இல் அது வெடித்துத் தென்கிழக்கு மூலையும் ஒரு மினாராவும் சிதறின. முகப்பு எழுத்தில் பாதியும் அத்தோடு போயிற்று. எஞ்சிய ஓடுகளில் பலவற்றை வெயிலும் மழையும் உதிர்த்துவிட்டன. இன்று அது இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. காஜாவின் கப்ரு நகருக்கு வெளியே கோர்னள்ளி என்னும் சிற்றூரில், ஆடம்பரம் ஏதுமின்றி அமைந்துள்ளது.

ஹைதராபாத்திலிருந்து பீதருக்கு ரயிலும் பஸ்ஸும் உண்டு. போகும் நம்மவர்கள் கோர்னள்ளிக்கும் சென்று ஸலாம் சொல்லி, அவருக்காக துஆச் செய்து வரலாம். மதரஸாவின் முகப்பு கிழக்கு நோக்கியது. ஓடுகளைப் பார்க்க வேண்டுமானால் காலை வெயிலில் போக வேண்டும்.